கலியன் ஓட்டுன வண்டி

ஆஃப் பண்ணாதப்பா. ஓடட்டும். சாவியத் தொட உன்ன யாரு கூப்ட்டது? எஞ்சின் சூடாவணும். சூடாவாம பாத்தா எந்த எஞ்சினும் நல்ல புள்ள மாதிரிதான் நிக்கும். நீ அப்டி உக்காரு. அந்த ஸ்டூல்ல வாணாம், கிரீஸ் இருக்குது. உன் பேன்ட்டு பாழாப் போனா அதுக்கும் எவன் தலையிலயாச்சும் பழி போடுவீங்க. அந்த டயர் மேல உக்காரு.

அவசரமா? எல்லாருக்கும் அவசரந்தான். எனக்கும் நாலு மணிக்கு ஒரு எடத்துக்குப் போவணும். ஸ்கூல் வேன் பாலாஜி தெரியுமா உனக்கு? தெரியாதா. ரெயில்வே ரோடு பக்கம் ஒரு ஸ்கூலு, ஆறு வேனு, எல்லாம் நம்ம ஷெட்டுலதான் சர்வீசு. அந்த வேனுங்களப் பாத்துக்கறவரு. டிரைவர் ஒருத்தர் வேணும்னு தேடிகினு இருந்தாரு. இன்னிக்கு நாலு மணிக்கு ஒருத்தர வரச் சொல்லியிருக்காரு. எடுக்கறதா வாணாமான்றது நான் சொல்ற வார்த்தையிலதான் இருக்குதுன்னு சொல்லிட்டாரு. யாரு அந்த டிரைவருன்னு கேக்க மாட்டியா? கலியன். பட்டுச் சேல வியாபாரம் பண்ற உங்க வீட்டுல பத்தொன்பது வருஷம் ஸ்டேரிங் புடிச்ச கலியன். இன்னாபா, பேரச் சொன்ன உடனே மொகத்த செல்லுக்குள்ள வெச்சிக்கற?

பாலாஜி உங்கப்பாவுக்கு போன் போட்டு விசாரிச்சிருக்காரு. மாணிக்கவாசகம் முதலாளி இன்னா சொன்னாராம் தெரியுமா? ஆயில் பாக்காம ஓட்டி என் எஞ்சினக் கொன்னவன், அவன நம்பி கொழந்தைங்கள ஏத்தாதீங்கன்னாராம். ரெண்டு மாசமா இந்த ஒரே பேச்சுதான் ஊரு பூரா சுத்துது. டிராவல்ஸ்காரன் எடுக்க மாட்டேன்றான். கார் வெச்சிருக்கற ஜவுளிக்கடைக்காரன் எவனும் எடுக்க மாட்டேன்றான். அம்பத்தாறு வயசு. திருப்பருத்திக்குன்றத்துல ஜைன கோயிலுக்கு வர வண்டிங்களுக்கு கை காட்டி நிறுத்த எடம் சொல்லிகினு நிக்கறாரு மனுஷன். சும்மா இருக்க முடியாம நிக்கறாரு. எவனாச்சும் அஞ்சோ பத்தோ குடுத்தா வாங்க மாட்டேன்றாராம்.

நான் ஒன்னும் அவருக்கு மாமன் மச்சான் இல்ல. சொல்லப் போனா எனக்கும் அவருக்கும் ஆவாது. டீக்கடையில பாத்தா இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அத விடு. பாலாஜி கேட்டாரு, ஜெபகுமாரு, அந்த வண்டிய வருஷக்கணக்கா பாக்கறவன் நீ, நெஜமாவே எஞ்சின் போச்சா, அவரு தப்பான்னு. வண்டியப் பாக்காம எப்டி சொல்றதுன்னேன். பாத்தா இன்னிக்கு காலையில நீயே கொண்ணாந்து நிறுத்தற. கர்த்தரே தள்ளிகினு வந்து விட்டாருன்னு நெனச்சேன்.

சரி, எழுந்து வா. குனிஞ்சி பாரு. வெள்ளையா தெரியுதா? மொகத்துக்குப் போடற பவுடர்தான். என் வீட்டுக்காரிது, டப்பா காலியானது தெரிஞ்சா கொல்லுவா. காலையில எஞ்சின் பூரா டீசல் ஊத்திக் கழுவி, காத்தடிச்சி காய வெச்சி, இதத் தூவினேன். ஏன்னு கேளு. ஆயில் இருக்குது பாரு, அது மேல கசிஞ்சி கீழ வந்துதான் சொட்டும். வண்டி ஓடற காத்துல பின்னால பூரா அப்பிக்கும். சொட்டற எடத்தப் பாத்து இங்கதான் ஓட்டைன்றவன் மெக்கானிக் இல்ல, கிளி ஜோசியக்காரன். பவுடர் தூவி ஓட விட்டா எது முதல்ல நனையுதோ அதான் ஊத்து.

இப்ப எண்ணு. எஞ்சின் தலைய மூடியிருக்கற டேப்பட் கவர் ஓரத்துல ஒரு ஈரக் கோடு. முன்னால பெல்ட்டுக்குப் பின்ன கிராங்க் சீலு, ஆயிலத் தடுக்கற ரப்பர் வளையம், அங்க ஒன்னு. அப்புறம் ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக்கு. குழாய விட்டு ரெண்டு விரக்கட மேல எழும்பி நிக்குது பாத்தியா? நான் இழுக்கல. தானா எழும்பிச்சி. ஒரு எடத்துல ஒழுகினா பேக்கிங் மேல தப்பு. ஒரே நேரத்துல மூணு எடத்துல ஒழுகினா உள்ள இருந்து எதுவோ தள்ளுதுன்னு அர்த்தம். பேக் கம்ப்ரஷன்னு சொல்லுவோம். கீழ ஆயில் நிக்கற எடத்துல காத்து அடஞ்சிகினு, போறதுக்கு வழி இல்லாம, கெடச்ச சந்துல எல்லாம் ஆயிலத் தள்ளிகினு வருது.

என்ன விட்டுட்டு போனீங்களே, அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்ல சீல மாத்தினாங்களா? எத்தினி தரம், ரெண்டு தரமா? ஏசி ரூம்ல உக்கார வெச்சி காபி குடுத்திருப்பானுங்க. தும்ப விட்டு வாலப் புடிச்சிருக்கானுங்க. குக்கர்ல வெயிட்டு அடச்சிகினு இருக்கறப்ப ரப்பர மாத்தினா இன்னா ஆவும்? புது ரப்பரும் பிச்சிகினு போவும். அது தெரிய படிச்சிருக்கணும்னு இல்ல, சமைச்சிருந்தா போதும்.

இது இன்னான்னு பாக்கறியா? பால் கவர். காலையில டீக்கு வாங்கினது, கழுவித்தான் வெச்சிருக்கேன். ஆயில் ஊத்தற மூடியத் தொறக்கறேன், தள்ளி நில்லு. பாத்தியா, புஸ்ஸுன்னு! இப்ப அந்த வாய் மேல கவர மாட்டி ரப்பர் பேண்டு போட்டாச்சு. எண்ணு. ஒன்னு, ரெண்டு, மூணு. அவ்ளோதான், உப்பிப் போச்சு. இன்னும் ரெண்டு எண்ணினா வெடிச்சிடும். கழட்டிட்டேன், பயப்படாத.

இப்ப இது ரெண்டுல ஒன்னு. நல்லா காது குடுத்துக் கேளு, இதுலதான் எல்லாமே இருக்குது. ஒன்னு, பிஸ்டன் ரிங்கு தேஞ்சிப் போயி, மேல வெடிக்கற புகை பூரா கீழ எறங்குது. ரிங்கு அப்டி தேயறது எதால? ஆயில் இல்லாம ஓட்டறதால. அப்டின்னா உங்கப்பா சொன்னது ரைட்டு. எஞ்சினக் கொன்னது கலியன். நானும் நாலு மணிக்குப் போயி, வாணாம் பாலாஜி, வேற ஆளப் பாருன்னு சொல்லிட்டு வந்துடுவேன்.

இன்னொன்னு, நல்ல எஞ்சின்லயும் கொஞ்சம் புகை கீழ எறங்கும். அது வெளிய போறதுக்குன்னே ஒரு ஓஸு வெச்சிருப்பான். ப்ரீதர் ஓஸு, எஞ்சின் மூச்சு விடற கொழா. அது அடச்சிகினா புது எஞ்சினும் இப்டிதான் உப்பும். அப்டின்னா ரிங்கும் போவல, கலியன் மேலயும் தப்பு இல்ல. எதுன்னு தெரிஞ்சிக்க அந்த ஓஸக் கழட்டிப் பாக்கணும்.

ஏம்பா குறுக்க வர? தள்ளி நில்லுன்றேன்.

ஓஸெல்லாம் கழட்ட வாணாமா? சீல மட்டும் மாத்திக் குடுத்தா போதுமா? அதான் ரெண்டு தரம் மாத்திட்டாங்களே, மூணாவது தரமும் நோகாம நோன்பு கும்பிடலாம்னு பாக்கறியா? கைய எடு. என் ஷெட்டுல நின்னுகினு என் கையப் புடிக்காத. வயசுக்கு மரியாதை குடு.

கிளாம்ப் லூசா இருக்குது. யாரோ ஏற்கெனவே கழட்டி மாட்டியிருக்காங்க. பழக்கம் இல்லாத கையி, திருகெல்லாம் சிதைஞ்சி கெடக்குது. தோ வந்துடுச்சி. உள்ள இன்னாமோ கட்டையா இருக்குதே. அந்த நோஸ் பிளேயர எடு. அது இல்ல, அது கட்டர். நீண்ட மூக்கு வெச்சது. ம். வா, வா, வாடா வெளிய.

இத இன்னான்னு சொல்லுவ? எனக்குத் தெரியும், உன் வாயால சொல்லு. தார் குச்சி. ஊடை நூலச் சுத்தி நாடாவுக்குள்ள போட்டு தறியில ஓட்டுவீங்களே, அந்தக் குச்சி. சுத்தி எம்மாம் பட்டு நூலு! அரக்கு கலரு. ஆயில்ல ஊறி கறுப்பா இருக்குது, ஆனா நகத்தால கீறினா உள்ள பளபளன்னுதான் இருக்குது. இறுக்கமா, ஒரு பிசிறு இல்லாம சுத்தியிருக்கான். நல்ல கையி.

எலி வெச்சிருக்கும்ன்றியா? ஏம்பா, எலிக்கு தார் சுத்தத் தெரியுமா?

கலியனே வெச்சிருப்பாருன்றியா. சொல்லு, இன்னொரு தரம் சத்தமா சொல்லு. உனக்கு நாக்கு கூசலயா? உங்க வீட்டுல பட்டு வெக்கற ரூமு வாசப்படிய அவரு தாண்டியிருக்காரா? கிரீஸ் கையி பட்டா சேல போயிடும்னு பத்தொன்பது வருஷமா அவர வெளியிலயே நிறுத்தி வெச்சவங்க நீங்க. நான் என் கண்ணால பாத்திருக்கேன். சேல மூட்டைய நீங்களே தூக்கியாந்து டிக்கியில வெப்பீங்க, அவரு கதவ மட்டும் தொறந்து புடிச்சிகினு நிப்பாரு. கழிவு நூலக் கூட எடை போட்டு வெக்கற வீடு அது. அங்க இருந்து இவ்ளோ பட்டு நூலும் தார் குச்சியும் அவரு கைக்கு எப்டி வந்துச்சி? பறந்து வந்துச்சா?

இப்ப ஏன் தலைய குனியற? விக்ரம், என்னப் பாத்துப் பேசு.

சேல நாறிச்சா. எந்த சேல? ஓ, மெட்ராஸு பார்ட்டிக்கு எடுத்துகினு போன கல்யாண சேல. பொட்டியத் தொறந்து பாத்தா டீசல் புகை நாத்தம். திருப்பி அனுப்பிட்டாங்க. உங்கப்பா உன்னப் புடிச்சி காய்ச்சிட்டாரு. நீ செல்லுல வீடியோவப் பாத்து, இந்த ஓஸு வெடிச்சிருக்குது, இதுல கசியற புகைதான் ஏசி வழியா உள்ள வருதுன்னு கண்டுபுடிச்சிட்ட. நீ கண்டுபுடிச்சது கரெக்டுதாம்பா. இந்த மடிப்புல பாரு, வெடிப்பு இருக்குது. ஓஸ மாத்தியிருந்தா அர மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். என்கிட்ட வந்திருக்கலாம். வாசல்ல நின்னவரக் கேட்டிருக்கலாம், அவருக்குத் தெரியும். ஆனா டிரைவர்கிட்ட கேக்கறதாவதுன்னு கவுரவம். பட்டு வீட்டுல பொறந்தவன் கையி எதத் தேடும்? நூலையும் குச்சியையும்தான். புகைய அடச்சிட்டோம், நாத்தம் போச்சு, மஜாவா இருந்திருப்ப.

ஆயில் ஒழுக ஆரம்பிச்சது அதுக்கு எத்தினி நாள் கழிச்சி? பத்து நாளா. கலியன் சொன்னாரா இல்லையா உங்கப்பாகிட்ட? நாலு தரம் சொன்னாருன்னு நீயே சொல்ற பாரு. கல்யாண மூர்த்த சீசன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு உங்கப்பா. வாரா வாரம் டிப் ஸ்டிக்கப் பாத்து, கொறஞ்சத ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காரு மனுஷன். பாதி டப்பா ஆயிலு இன்னும் உன் டிக்கியில உருண்டுகினு கெடக்குது, காலையில பாத்தேன். இவரா ஆயில் பாக்காதவரு?

அவர வேலைய விட்டுத் தொரத்தின அன்னிக்கு சுங்குவார்சத்திரம் தாண்டி டிப் ஸ்டிக்கு எகிறி, ஆயிலு சைலன்சர் மேல அடிச்சி, பேனட்டுல இருந்து புகை கெளம்பிச்சே, அப்ப இன்னா பண்ணாரு? ஆயில் லைட்டு எரிஞ்ச அந்த நொடியே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டாரு. பின் சீட்டுல உங்கப்பா, ஓட்டுடா ஓட்டுடா, பார்ட்டி காத்துகினு இருக்கான்னு கத்தினாராம். ஓட்ட மாட்டேன்னு சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டுகினாராம். அதனாலதான் இந்த எஞ்சின் இன்னிக்கு உயிரோட இருக்குது. வேற எவனாச்சும் பயந்துகினு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா, நீ இத எடைக்குத்தான் போட்டிருப்ப. எஞ்சினக் காப்பாத்தினவருக்கு எஞ்சினக் கொன்னவன்னு பேரு. நல்லாருக்குது உங்க நியாயம்!

இந்தக் குச்சியாலதான் எல்லாம்னு உனக்கு எப்ப தெரியும்? உண்மைய சொல்லு, என்கிட்ட பூச்சி காட்டாத. ரெண்டாவது தரம் சீலு போனப்ப. அப்ப ஒரு மாசமா தெரியும். எடுக்கப் பாத்தியா? உள்ள போயி மாட்டிகிச்சி, வரல. அதான் உங்கப்பா பெங்களூருக்கு நூல் எடுக்கப் போன நேரம் பாத்து, கண்ணுல படாத இந்த ஷெட்டுக்கு ஓட்டிகினு வந்திருக்க. நான் சத்தம் இல்லாம எடுத்துக் குப்பையில போட்டா, மேட்டர் முடிஞ்சது. அந்த ஆளு கோயில் வாசல்ல கை காட்டிகினே நிக்கட்டும். அவரு பொண்ணு துளசி உன்கூட படிச்சவதானே? தெருவுல பாத்தா எப்டிப்பா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்கற?

இரு, இன்னும் முடியல. ஓஸ வெளிய தொங்க விட்டுட்டேன், வழி தொறந்தாச்சு. அதே பால் கவர திருப்பி மாட்டறேன். ரிங்கும் கொஞ்சம் போயிருந்தா இப்பவும் உப்பும். நீ உள்ள ஏறி ஆக்சிலேட்டர மெதுவா குடு. இன்னும் குடு. இன்னும். போதும். எறங்கி வந்து கவரப் பாரு.

தொங்குது.

ஆமா, தொங்கிகினுதான் இருக்குது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின எஞ்சினு, ரிங்கு புதுசாட்டம் இருக்குது. அவ்ளோ பாத்துப் பாத்து ஓட்டியிருக்காரு. ஆஃப் பண்ணு. அந்தத் தண்ணி பாட்டில எடு. ஒன்னும் இல்ல, வெயிலு.

நீ இன்னா சொல்ற? உன் மேல மட்டும் தப்பு இல்லன்றியா. உங்கப்பா சும்மா தொரத்தல, ரோட்டோரத்துல நின்னுகினு ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டாரு, அவன்தான் ரிங்கு போச்சு, டிரைவர் ஆயில் பாக்காம ஓட்டிட்டான்னு சொன்னான், அத நம்பித்தான் அங்கயே எறக்கி விட்டாரு. ஆமாம்பா. சொன்னான். வண்டியப் பாக்காம, பேனட்டத் தொறக்காம, தொட்டுக் கூடப் பாக்காம சொன்னான். அவனப் போயி கேளுன்றியா? கேக்கலாம். பேரு சொன்னாரா உங்கப்பா? சொல்லலயா.

நான்தாம்பா அது.

ஓரிக்கையில ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருந்தேன். எலையில சாம்பாரு ஊத்தினாங்க, போன் அடிச்சிது. புகை வருது, ஆயிலு லைட்டு எரியுதுன்னாரு உங்கப்பா. ரிங்கா இருக்கும் முதலாளி, ஆயில் பாத்திருக்க மாட்டான் உங்க ஆளுன்னேன். சொல்லிட்டு சோத்துல ரசத்துக்கு குழி பண்ணிகினு சாப்ட்டேன். அதுக்கு ஒரு மாசம் முன்ன டீக்கடையில அஞ்சு பேரு எதுர கலியன் என்னச் சொன்னாரு, ஜெபகுமாரு ஆயில் எறக்கற சம்ப்பு நட்ட முறுக்கி முறுக்கி மரையக் கெடுத்துட்டான், கையில நிதானம் இல்லன்னு. நெஜந்தான், கெடுத்திருந்தேன். அதான் கோவம். அந்தக் கோவம்தான் போன்ல பேசிச்சி.

பாலாஜிக்கு இது தெரியாது. கலியனுக்கும் தெரியாது. காலையில நீ வண்டிய நிறுத்தினப்ப நான் இன்னா வேண்டிகினேன் தெரியுமா? ரிங்கு போயிருக்கணும்னு. நெஜமாவே போயிருக்கணும், நான் சொன்னது சரியாப் போயிடணும்னு. பால் கவரு உப்பினப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சிப்பா. உன்ன இவ்ளோ நேரம் திட்டினேன்ல, அதுல பாதி எனக்கு.

மணி மூணே கால். கைய கழுவிகினு வரேன், ஸ்கூலுக்குப் போவலாம். குச்சியக் கையில எடுத்துக்கோ. நீ ஓட்டு.